வடிவின் அறைக்கு ஒரு பிளக் பாயின்ட்

ஜூன் 9, திங்கள்

ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் வந்து வடிவின் அறையைப் பார்த்துவிட்டுப் போனார். இருபதாம் தேதி மெஷின் வருகிறதாம். அதற்குள் செய்து வைக்க வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். திரைச்சீலையைக் கழற்ற வேண்டும். துடைத்தால் சுத்தமாகிற மேசை ஒன்று வேண்டும். கை கழுவப் பக்கத்திலேயே குழாய் இருக்க வேண்டும். இவையெல்லாம் ஒரு நாள் வேலை. கடைசி வரிதான் என்னை உட்கார வைத்துவிட்டது: கட்டில் தலைமாட்டில், எர்த் உள்ள மூன்று பின் பிளக் பாயின்ட், மெஷினுக்கு மட்டும் தனியாக.

"கதவுகிட்ட ஒரு போர்டு இருக்கே, அதுல இருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டுக்கிட்டா?" என்று கேட்டேன்.

"ராத்திரி பூரா உங்க தங்கச்சி வயித்தோட சேர்ந்து ஓடப்போற மெஷின் சார் அது. யாராவது வயரைத் தடுக்கி இழுத்துட்டா என்ன பண்ணுவீங்க? எர்த் இல்லாம மாட்டவே கூடாது."

வடிவுக்கு முப்பத்தொன்பது வயது. என்னைவிட எட்டு வருஷம் சின்னவள். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டாள். என்னோடும் என் மனைவி பூங்கோதையோடும் இந்த உறையூர் வீட்டில்தான் இருக்கிறாள். இரண்டு சிறுநீரகமும் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டிருந்தோம். ஊசி குத்துகிற கை நரம்பு இரண்டு தடவை அடைத்துக்கொண்டது. அதனால் போன மாதம் வயிற்றில் குழாய் வைத்தார்கள். இப்போது ஒரு நாளைக்கு நான்கு முறை, பையிலிருந்து மருந்துத் தண்ணீரை வயிற்றுக்குள் விட்டு வடிக்கிறாள். ஒவ்வொரு முறையும் முக்கால் மணி நேரம் போய்விடுகிறது. மெஷின் வந்தால் அவள் தூங்கும்போது அது பார்த்துக்கொள்ளும். மறுபடி பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுக்கலாம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

எனக்கு உப்பில்லாத ரசம், உப்பில்லாத பீன்ஸ். ஒன்பது மாதமாகப் பூங்கோதை எனக்கென்று தனிப் பாத்திரத்தில் இப்படித்தான் சமைக்கிறாள். களைப்பு. படுக்கிறேன்.

ஜூன் 10, செவ்வாய்

வடிவு அறையை அளந்தேன். நில அளவை அலுவலகத்தில் இருபத்திரண்டு வருஷமாக வரைபடம் போடுகிறவன், சொந்த வீட்டுச் சுவரை அளந்தது இன்றுதான்.

கூடத்துக்கும் அவள் அறைக்கும் நடுவில் ஒரே சுவர். பத்தடி உயரம். அப்பா கட்டிய காலத்துச் சுண்ணாம்புப் பூச்சு. கரன்ட்டைப் பிரித்துவிடும் எம்சிபி சுவிட்சுகள் இருக்கும் டிபி பெட்டி கூடத்துப் பக்கம், ஆறடி உயரத்தில். கட்டில் தலைமாடு அதே சுவரின் மறுகோடியில், பதினான்கு அடி தள்ளி. பிளக் மூன்றடி உயரத்தில் வர வேண்டும். டிபியிலிருந்து பிளக்குக்குச் சாய்வாக ஒரு கோடு இழுத்தால் பதினான்கு அடி நான்கு அங்குலம். கோட்டுப் படம் சுத்தமாக வந்தது. வடிவிடம் காட்டினேன்.

"நிலத்துக்குப் பட்டா போடுற மாதிரி போட்டிருக்கியேண்ணா. எனக்கு ஒரு பிளக்தானே வேணும்" என்று சிரித்தாள். கணுக்கால் வீங்கியிருந்தது. பார்த்தும் பார்க்காத மாதிரி வந்துவிட்டேன்.

ஜூன் 11, புதன்

அலுவலகத்தில் மருத்துவ முகாம். வரிசையில் நிற்க வைத்துவிட்டார்கள். ரத்த அழுத்தம் 118/76. "நார்மல் சார், உங்க வயசுக்கு ரொம்ப நல்லா இருக்கு" என்று அந்தப் பெண் சொன்னாள். சீட்டைக் கசக்கிப் போட்டுவிட்டுக் கேண்டீனில் இரண்டு மசால்வடை தின்றேன்.

ஜூன் 12, வியாழன்

எலக்ட்ரீஷியன் சவரிமுத்து வந்தார். ஐம்பதைத் தாண்டியவர், பாலக்கரைக்காரர். எதையும் தொடுவதற்கு முன்னால் டெஸ்டரை வைத்துப் பார்க்கிற ஆள். என் படத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"படம் நல்லாயிருக்கு சார். ஆனா வயர் இப்படிப் போகக் கூடாது."

"ஏன்? குறுக்கே போனா தூரம் கம்மி. சுவர் வெட்டுறதும் கம்மி."

"இன்னும் பத்து வருஷம் கழிச்சு யாரோ இந்தச் சுவத்துல ஆணி அடிப்பாங்க. பிளக் பாயின்ட்டைப் பார்த்துட்டு, வயர் நேரா மேல போகும்னு நெனப்பாங்க. இல்ல, நேரா பக்கவாட்டுல போகும்னு நெனப்பாங்க. சாய்வா போகும்னு யார் கண்டது? ஆணி நேரா வயர்ல எறங்கிடும்."

டிபியிலிருந்து நேரே மேலே மூன்றடி. கூரைக்கு ஓரடி கீழே படுக்கைவசமாகப் பதினான்கு அடி. அங்கிருந்து நேரே கீழே ஆறடி. மொத்தம் இருபத்துமூன்று அடி. காலண்டர் மாட்டுகிற உயரத்தில் வயரே இருக்காது. குளியலறைச் சுவர்ப் பக்கம் ஈரம் ஊறும், அதனால் அதைவிட்டு ஒன்றரை அடி தள்ளி இறங்க வேண்டும். பைப்புக்குள் எங்கேயும் ஒட்டு கூடாது. மூன்று வயரும் டிபியிலிருந்து பிளக் வரை முழு வயராக ஓட வேண்டும். இதற்கென்று தனி எம்சிபி. அதற்கு முன்னால், கரன்ட் கொஞ்சம் கசிந்தாலும் தானே அணைந்துவிடுகிற டிரிப்பர் ஒன்று. அவர் சொல்லச் சொல்ல நான் பழைய கோட்டை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டேன்.

பிறகு டிபியைத் திறந்து பச்சை வயரைப் பிடித்துக்கொண்டே மீட்டர் பலகை வரை போனார். பலகைக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவி, வெட்டுண்ட ஒரு நுனியை வெளியே இழுத்தார்.

"எர்த் வயர் இருக்கு சார். ஆனா எங்கயும் போய்ச் சேரல."

"எவ்வளவு நாளா?"

"நுனியைப் பார்த்தா பல வருஷம் இருக்கும். ஃப்ரிட்ஜு, கிரைண்டரு எல்லாம் இத்தனை நாளும் எர்த் இல்லாமத்தான் ஓடியிருக்கு."

புதிதாக எர்த் குழி போட வேண்டும். வேலை இரண்டு நாள் கூடுகிறது.

ஜூன் 13, வெள்ளி

பூங்கோதை இந்த மாதம் இரண்டு முறை லால்குடிக்கு அம்மாவைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். லால்குடிக்குப் போகவில்லை என்று இன்றுதான் தெரிந்தது.

காபியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் ஒரு தாளை வைத்தாள். "இதுல கையெழுத்துப் போடுங்க."

"என்னது?"

"ஆஸ்பத்திரி பேப்பர். வடிவுக்கு என் கிட்னியைக் குடுக்க நான் ரத்தம் டெஸ்ட் பண்ணிட்டேன். அவ குரூப்புக்கு என் குரூப் சேருதாம். நான் ரத்த சொந்தம் இல்லங்கிறதால ஒரு கமிட்டி முன்னாடி போய் நிக்கணுமாம். வீட்டுக்காரர் சம்மதம் எழுத்துல வேணும்னாங்க."

தாளை முழுக்கப் படித்தேன். காபியில் ஆடை படிந்தது.

"வடிவுக்குத் தெரியுமா?"

"எல்லாம் உறுதியானப்புறம் சொல்லிக்கலாம். வேண்டாம்னு அழுவா. உங்களுக்குத்தான் பி.பி.ன்னு டாக்டர் கழிச்சுட்டாரு. வேற யாரு இருக்கா? ரம்யாவுக்கு இப்பதான் பத்தொம்பது. அவளைக் கேக்க முடியுமா?"

எங்கள் மகள் ரம்யா கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருக்கிறாள்.

"யோசிக்கலாம். இந்த வயரிங் வேலை முடியட்டும்" என்றேன்.

"வயரிங்குக்கும் இதுக்கும் என்னங்க?"

"முடியட்டும்ங்கிறேன்ல."

தாளை ஃப்ரிட்ஜ் மேல் வைத்து, பறக்காமல் இருக்க டார்ச் லைட்டை மேலே வைத்தாள்.

ஜூன் 14, சனி

எர்த் குழி. துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், ஈரம் காயாத இடமாகப் பார்த்துத் தோண்டினோம். தோண்ட வந்த ஆள் மதியத்துக்குள் எட்டடி இறங்கிவிட்டார். ஓட்டை போட்ட இரும்புக் குழாயை நிறுத்தி, சுற்றிலும் ஓர் அடுக்கு கரி, ஓர் அடுக்கு உப்பு என்று போட்டு, தண்ணீர் ஊற்றி மூடினார்கள். நான் பக்கத்திலேயே நின்றேன். நிற்க வேண்டிய அவசியம் இல்லை. வீட்டுக்குள் போகாமல் இருக்க இது ஒரு வேலை.

சாயங்காலம் சவரிமுத்து ஒரு பல்பின் ஒரு வயரைக் கரன்ட்டிலும் இன்னொன்றைப் புதுக் குழாயிலும் வைத்தார். பளிச்சென்று எரிந்தது. பழைய பச்சை வயரில் வைத்தபோது எரியவே இல்லை.

பூங்கோதை சமையலறையிலிருந்து, "பேப்பர்?" என்றாள். "நாளைக்கு" என்றேன்.

ஜூன் 15, ஞாயிறு

சுவர் வெட்டினால் தூசி வரும். வடிவின் வயிற்றுக் குழாய்க்குத் தூசியும் கிருமியும் ஆகாது. அதனால் அவள் கட்டில், மருந்துப் பெட்டிகள் எல்லாவற்றையும் எங்கள் அறைக்கு மாற்றினோம். நாற்பது பெட்டி. தூக்கித் தூக்கி இடுப்பு கழன்றுவிட்டது.

"பார்த்துத் தூக்குண்ணா. உனக்கு பிரஷர் ஏறிடப்போகுது" என்றாள் வடிவு.

"ஏறாது."

"மாத்திரை போட்டியா காலைல?"

"போட்டேன்."

நாளைக்கும் கையெழுத்து இல்லை என்றால் கோதை வேறு மாதிரி கேட்பாள். என்ன செய்வது என்று தெரியவில்லை.

ஜூன் 16, திங்கள்

இதை ஒழுங்காக எழுதிவிட வேண்டும்.

காலை ஒன்பது மணிக்குச் சவரிமுத்து மெயினை அணைத்தார். "வேலை முடியற வரைக்கும் யாரும் இதைத் தொடாதீங்க" என்று சத்தமாக, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். மேலே வயர் பதிக்கிற படுக்கைவசக் காடியை உளியால் வெட்டி முடித்தார். சுண்ணாம்பு வெள்ளையாகக் கொட்டியது. பதினொரு மணிக்கு டீ குடிக்கத் தெருமுனைக்குப் போனார்.

எங்கள் அறையில் வடிவு வியர்வையில் நனைந்து கிடந்தாள். மூடிய ஜன்னல், நின்றுபோன ஃபேன். உதடெல்லாம் காய்ந்திருந்தது. அவள் நினைத்தபடி தண்ணீர் குடிக்கவும் முடியாது, அளவு உண்டு. கால் மணி நேரம் காற்று வரட்டும், அவர் வருவதற்குள் அணைத்துவிடலாம் என்று மெயினைப் போட்டேன்.

அவர் பின்வாசல் வழியாக வந்துவிட்டார். நான் முன்பக்கம் நின்று அவரை எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். உளிச் சத்தம் கேட்டதும் ஓடினேன். பாதி தூரத்தில் டப்பென்று ஒரு வெடி. போய்ப் பார்த்தால் ஸ்டூல் கவிழ்ந்து கிடக்கிறது, சவரிமுத்து தரையில் கிடக்கிறார், அறையெல்லாம் கருகிய நாற்றம்.

சுவருக்குள் யாருக்கும் தெரியாத பழைய வயர் ஒன்று இருந்திருக்கிறது. எந்தக் காலத்திலோ எவரோ சாய்வாகப் பதித்துப் பூசிவிட்டுப் போன வயர். கீழே இறங்குகிற காடியின் குறுக்கே அது ஓடியிருக்கிறது. உளி அதில் இறங்கிவிட்டது.

பூங்கோதை அவரை எழுப்பி உட்கார வைத்துத் தண்ணீர்க் குழாயின் கீழ் கையைப் பிடித்தாள். வலது உள்ளங்கை வெந்துபோயிருந்தது. தெருமுனை டாக்டரிடம் கூட்டிப் போனேன். இதயத்துடிப்பைப் பதிவு செய்து பார்த்து, பயமில்லை என்று கையில் கட்டுப் போட்டார்.  ஆட்டோவில் ஏறும்போதுதான் சவரிமுத்து கேட்டார்.

"மெயினை யார் போட்டா?"

"நான்தான். தங்கச்சிக்கு வேர்த்துச்சு. ஃபேனுக்காக..."

"போட்டது கூடப் பரவாயில்ல சார். வந்து ஒரு வார்த்தை சொல்லலையே. நான் ஆஃப்ல இருக்குன்னு நம்பித்தான கை வெச்சேன்? நானும் திரும்ப டெஸ்டர் வெச்சுப் பார்த்திருக்கணும். இருந்தாலும் சொல்லியிருக்கணும் நீங்க."

அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

வீட்டுக்கு வந்தால் பூங்கோதை கொல்லைப்பக்கம் தூசி படிந்த போர்வைகளை உதறிக்கொண்டிருந்தாள். ஒரு நுனியை நான் பிடித்துக்கொண்டேன். இரண்டு போர்வை உதறினோம். மூன்றாவதில் சொல்லிவிட்டேன்.

"எனக்கு பி.பி. இல்ல கோதை."

அவளுக்குப் புரியவில்லை. "குறைஞ்சிடுச்சா?"

"எப்பவுமே இல்ல. வடிவுக்கு என் கிட்னி எல்லா டெஸ்ட்லயும் பொருந்துச்சு. கடைசியா டாக்டர் என்னை மட்டும் தனியா உள்ள கூப்பிட்டாரு. முழு மனசோட சம்மதமான்னு கேட்டாரு. இல்லேன்னா, மருத்துவக் காரணம் ஏதோ இருக்குன்னு நாங்களே வீட்ல சொல்லிடுவோம், உங்களுக்குச் சங்கடம் வராதுன்னாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல. மேசையில ஒரு பேப்பர் வெயிட் இருந்துச்சு, அதையே பார்த்துக்கிட்டிருந்தேன். அவரு புரிஞ்சுக்கிட்டாரு."

போர்வை அவள் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. எடுக்கவில்லை.

"எதுக்கு?"

எதுக்கு என்று ஒன்பது மாதமாக எனக்கு நானே பல காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். ரம்யா படிப்பு, வேலை, வீட்டில் ஒருத்தராவது நன்றாக இருக்க வேண்டாமா என்று. அவள் முன்னால் ஒன்றும் வரவில்லை. "பயம்" என்றேன். "அந்த வார்டுல ஒருத்தன் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு, குனிஞ்சு குனிஞ்சு நடந்தான். தம்பிக்குக் குடுத்தவன். அவனைப் பார்த்ததும் என்னால முடியாதுன்னு ஆயிடுச்சு."

 பிறகு சொன்னாள்: "மூணு நாளா அந்தப் பேப்பர் ஃப்ரிட்ஜ் மேல கெடக்குது. நாளைக்கு நாளைக்குன்னீங்க. என்னை அறுக்கறதுக்கு மனசு வராமத்தான் இழுக்குறீங்கன்னு நெனச்சேன். எம்மேல இவ்ளோ பிரியமான்னு சந்தோஷமாக்கூட இருந்துச்சுங்க."

அவள் அழவில்லை. போர்வையை எடுத்துத் துவைக்கிற தண்ணீரில் போட்டாள்.

"வடிவுகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லணும்."

ஜூன் 17, செவ்வாய்

விடுப்பு. வேலை நடக்கவில்லை. பூங்கோதை பேசவில்லை. எனக்கும் எல்லோருக்கும் ஒரே குழம்பு வைத்தாள். வடிவு, "அண்ணி, அண்ணனுக்குத் தனியா எடுக்கலையா?" என்று கேட்டாள். பூங்கோதை என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டு எழுந்துவிட்டேன்.

ஜூன் 18, புதன்

சவரிமுத்து வர மாட்டார் என்று நினைத்தேன். கட்டுப் போட்ட கையோடு வந்தார். "இருபதாம் தேதி மெஷின் வருதுன்னீங்களே" என்றார்.

மெயினை அணைத்து, ஃபியூஸையும் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.  வடிவைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் உட்கார வைத்தோம், அங்கே ஃபேன் இருக்கிறது.

பழைய வயரை இரண்டு நுனியிலும் தேடிப் பிடித்து முழுவதும் உருவி எடுத்தார். அதற்குள் விட்டுவைத்தால் இன்னொரு நாள் இன்னொருத்தர் உளி இறங்கும் என்றார். பிறகு காடிக்குள் பைப்பை வைத்து, அடிக்கொரு கொக்கி அடித்து நிறுத்தினோம். இடது கையால் அவர் வேலை செய்ய, வலது கை வேலையை நான் செய்தேன். சிவப்பு, கறுப்பு, பச்சை, மூன்று வயரையும் சேர்த்துக் கட்டி இந்தப் பக்கம் அவர் தள்ள, அந்தப் பக்கம் நான் மெதுவாக இழுத்தேன். "வெடுக்குனு இழுக்காதீங்க சார். தோல் உரிஞ்சா உள்ள இருக்கிறது வெளில தெரியாது" என்றார்.

மாலையில் கொத்தனார் வந்து சிமென்ட் வைத்துக் காடியை மூடிவிட்டுப் போனார்.

வடிவிடம் இன்றும் சொல்லவில்லை. அவள் பக்கத்து வீட்டிலிருந்து திரும்பும்போதே சோர்ந்துபோயிருந்தாள் என்று காரணம் எழுதலாம். எழுதவில்லை.

ஜூன் 19, வியாழன்

பிளக் மாட்டியாயிற்று. சவரிமுத்து டிரிப்பரின் டெஸ்ட் பொத்தானை அமுக்கினார், டக்கென்று அணைந்தது. பிளக்கில் எர்த் வருகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்து, என்னையும் பார்க்கச் சொன்னார். டிபிக்குள் அந்த எம்சிபிக்குக் கீழே 'மெஷின்' என்று என்னை எழுதச் சொன்னார். போகும்போது, "தங்கச்சி நல்லாயிடுவாங்க சார்" என்றார்.

நானும் பூங்கோதையும் அறையை இரண்டு முறை கழுவினோம். சுவர், கதவின் மேல்விளிம்பு, ஃபேன் இறக்கை என்று எல்லாவற்றையும் ஈரத்துணியால் துடைத்தோம். நான்கு மணிக்கு வடிவு உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்து, புது பிளக்கைத் தொட்டுப் பார்த்தாள்.

"அழகா இருக்குண்ணா. இதுக்காக எவ்ளோ அலைஞ்சிட்டே. அந்தப் பாவம் மனுஷன் கை வேற."

பூங்கோதை என்னை ஒருமுறை பார்த்துவிட்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினாள்.

சொன்னேன். கொல்லைப்பக்கம் கோதையிடம் சொன்ன அதே வார்த்தைகள்தான். இரண்டாவது தடவை சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன், இல்லை. கோதை தனக்காகப் போட்டு வைத்திருக்கும் விண்ணப்பத்தையும் சொன்னேன்.

வடிவு பிளக்கிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

"போன ஐப்பசியில வயலூர் கோயிலுக்குப் போனோம் ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"எனக்கு நல்லாகணும்னு நீங்கள்லாம் வேண்டிக்கிட்டீங்க. நான் என்ன வேண்டிக்கிட்டேன் தெரியுமா? அண்ணனுக்கு பிரஷர்ங்கிறாங்க முருகா, பிரஷர்ல கிட்னி போகுமாம், என்னை மாதிரி அவனையும் ஆக்கிடாதேன்னு வேண்டிக்கிட்டேன். தினம் காலைல உன் முகம் வீங்கியிருக்கான்னு பார்ப்பேன்ணா நான்."

"வடிவு..." என்றேன்.

"முடியாதுன்னு சொல்லியிருக்கலாமே. நான் கோவிச்சுக்கிட்டு ஆறு மாசம் பேசாம இருந்திருப்பேன். ஏழாவது மாசம் பேசியிருப்பேன். உன் உடம்பு, உன் பயம். நான் என்ன பிடுங்கிக்கவா போறேன்? இப்ப அண்ணி போய் ஊசி குத்திக்கிட்டு நிக்கிறாங்க. நீ பார்த்துக்கிட்டே இருந்திருக்கே."

"தப்புதான்."

"வெளில போண்ணா."

போனேன். கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். அரை மணி கழித்து அவள் அழுகிற சத்தம் கேட்டது. பூங்கோதை உள்ளே போனாள்.

ஜூன் 20, வெள்ளி

மெஷின் வந்தது. நர்ஸ் பிளக், சுவர், குழாய் எல்லாவற்றையும் சோதித்து, "ரொம்ப சரியா பண்ணியிருக்கீங்க" என்றார். மாட்டும் முறையை வடிவுக்கும் பூங்கோதைக்கும் சொல்லிக் கொடுத்தார். நான் வாசலிலேயே நின்றேன். வடிவு ஒருமுறை கூட என் பக்கம் திரும்பவில்லை.

ஜூன் 21, சனி

மெஷின் ஒன்பது மணி நேரம் ஓடியது. காலையில் வடிந்த தண்ணீர் தெளிவாக இருந்ததாம். கோதை ரம்யாவிடம் போனில் சொன்னது காதில் விழுந்தது.

ஜூன் 22, ஞாயிறு

ஃப்ரிட்ஜ் மேலிருக்கும் தாளைப் பற்றிக் கோதையிடம் பேச்செடுத்தேன்.

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறேன். என் ஃபைலைத் திரும்பத் திறக்கச் சொல்லப்போறேன். உன் பேப்பரை எடுத்துடு."

"மாட்டேங்க. அது ஃப்ரிட்ஜ் மேலயே இருக்கட்டும்."

"என்மேல நம்பிக்கை இல்லையா?"

"இப்போதைக்கு இல்ல" என்றாள், கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அடுத்து, "காலைல வெறும் வயித்தோட போகணும். டாக்டர் வர்றப்ப பத்து மணி ஆயிடும். பிஸ்கட் பாக்கெட் எடுத்துக்கிட்டுப் போங்க" என்றாள்.

ஜூன் 23, திங்கள்

அதே டாக்டர். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். ஃபைலை வரவழைத்தார்.

"யாராவது வற்புறுத்தினாங்களா?"

"இல்ல சார். வீட்ல ரெண்டு பேரும் என்னோட சரியாப் பேசறதே இல்ல."

பழைய டெஸ்ட் எதுவும் செல்லாது, எல்லாம் முதலிலிருந்து செய்ய வேண்டும் என்றார். ஆறு வாரமாவது ஆகும். இந்த முறை நிஜமாகவே ஏதாவது காரணம் வந்து என்னைக் கழித்துவிடலாம். எல்லாம் சரியாக வந்தாலும் வாங்கிக்கொள்கிறவரும் சம்மதிக்க வேண்டும். நடுவில் எந்த நாளிலும் நான் வேண்டாம் என்று சொல்லலாம். "ஆனா இந்தத் தடவை வீட்ல நீங்கதான் சொல்லணும்" என்றார்.

பயமாக இருக்கிறது என்று அவரிடம் சொன்னேன். ஆபரேஷனைப் பற்றி முக்கால் மணி நேரம் பொறுமையாக விளக்கினார். போன முறையும் இதையெல்லாம் விளக்கியிருப்பார். நான் கேட்டிருக்க மாட்டேன். கேட்டும் பயம் போகவில்லை. ரத்தம் எடுக்கும் இடத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வெளியே வந்து மரத்தடி பெஞ்சில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். பஸ் இரண்டு போய்விட்டது.

ஜூன் 24, செவ்வாய்

அலுவலகம். ஒரு வரைபடத்தை மூன்று முறை தப்பாகப் போட்டேன்.

ஜூன் 25, புதன்

பூங்கோதையின் அம்மா கால் வழுக்கி விழுந்துவிட்டாராம். எலும்பு முறியவில்லை. இருந்தாலும் கோதை மதியமே லால்குடிக்குக் கிளம்பிவிட்டாள், இந்த முறை நிஜமாகவே. "வடிவுக்கு மெஷின் மாட்ட ஆள் வேணும். கூப்பிட்டா போங்க. கூப்பிடலேன்னா வாசல்ல நில்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஏழு மணிக்கு வாசலில் நின்றேன். அறைக்குள் வடிவு மேசையைத் துடைத்து, கையை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். ஐந்து லிட்டர் பையைத் தூக்கி மெஷின் மேல் வைக்கப் பார்த்தாள். முடியவில்லை. இரண்டாவது தடவையும் முடியவில்லை. திரும்பாமலே சொன்னாள்.

"மாஸ்க் போட்டுக்கிட்டு வா. கையைக் கழுவு. ஃபேனை நிறுத்து."

செய்தேன். பையைத் தூக்கி வைத்தேன். பிளக்கைச் செருகி சுவிட்சைப் போட்டேன். மெஷின் பச்சை விளக்குக் காட்டித் தன்னைத்தானே சரிபார்த்துக்கொள்ள ஆரம்பித்தது. அதற்குப் பத்து நிமிஷம் ஆகும். நான் சுவரோரம் நின்றேன், எதையும் தொடக் கூடாது என்பதற்காகக் கைகளைத் தூக்கிக்கொண்டு.

"எத்தனை குழாய் ரத்தம் எடுத்தாங்க?" என்று கேட்டாள். ஆறு நாளைக்குப் பிறகு அவளாக என்னிடம் கேட்ட முதல் கேள்வி.

"எட்டு."

"பார்த்தியா, திரும்பிக்கிட்டியா?"

"திரும்பிக்கிட்டேன்."

"பயமா இருக்கா?"

"இருக்கு."

அவள் வயிற்றுக் குழாயின் மூடியைக் கழற்றி, மூச்சை அடக்கிக்கொண்டு, மெஷினின் குழாயோடு இணைத்துத் திருகினாள். எத்தனை தடவை பழகியிருந்தால் இவ்வளவு வேகமாக வரும். இணைத்த பிறகுதான் மூச்சை விட்டாள்.

"நான் இன்னும் சரின்னு சொல்லலண்ணா. சொல்வேனான்னே தெரியல. உன் மேல இருக்கிற கோவம் போகல."

"சரி."

"அடுத்த டெஸ்ட் என்னிக்கு?"

"வெள்ளிக்கிழமை. ஸ்கேன்."

போர்வையை இழுத்து விட்டுக்கொண்டாள். மெஷினின் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"எத்தனை மணின்னு முன்னாடியே சொல்லு. நானும் கூட வர்றேன்."